தொண்ணூறு மில்லிமீட்டர்

நிறுவனத்தில் என்னைத் தட்டு என்று கூப்பிடுவார்கள். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் கூழ் ஊற்றுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக ஊற்றுகிறேன். கூழ் சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் குமிழி விழும். குமிழி விழுந்த தட்டு குப்பைக்குப் போகும். நான் சேர்ந்த வாரம், எனக்கு இரண்டு மாதம் முன்னால் சேர்ந்திருந்த விஞ்ஞானி ஒருவர் என் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கையா இது, ஸ்டாண்டா? நடுங்கவே மாட்டேங்குதே" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. மற்றவர்கள் இருந்தால் மேடம்.

எங்களுடையது மூலிகை ஆராய்ச்சி நிறுவனம். மூன்று மாடி. லிப்ட் முதல் மாடியைத் தாண்டாது. இயக்குநர் அறை முதல் மாடியில் இருப்பதால் லிப்ட் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது.

இந்த வருடம் முகப்பருவை எடுத்துக்கொண்டார்கள். இருபத்துநாலு செடிகளின் சாற்றை முகப்பருக் கிருமி மேல் சோதித்து, எது கொல்கிறது என்று சொல்ல வேண்டும். முறை எளிது. கூழ் இறுகிய தட்டு முழுக்கக் கிருமியைப் பூச வேண்டும். நடுவில் சின்னதாக ஒரு குழி வெட்டி, அதில் சாறு விட வேண்டும். மூன்று நாளில் கிருமி வளர்ந்து தட்டு வெளுக்கும். சாறு கிருமியைக் கொன்றிருந்தால் குழியைச் சுற்றி மட்டும் வெற்று வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவோம். பத்து மில்லிமீட்டர் வந்தால் பரவாயில்லை. இருபது வந்தால் கட்டுரை. முப்பது வந்தால் இயக்குநர் வெளிநாடு போவார்.

இந்தக் கிருமிக்கு ஒரு குணம் உண்டு. காற்றுப் பட்டால் வளராது. அதனால் தட்டுகளை மூடி இறுக்கிய ஜாடிக்குள், காற்றில்லாமல் வைக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு ஜாடி ஸ்டோரில் இருந்தது. யாரும் தொட்டதில்லை. எடுத்துத் துடைத்தபோது மூடியின் ரப்பர் வளையம் கட்டை மாதிரி இறுகியிருந்தது. புதிய வளையம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

கொள்முதல் அதிகாரி என் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளையம் மட்டும் வாங்க வழியில்ல தட்டு. வளையங்கறது ஜாடியோட பாகம். பாகம் வாங்கணும்னா ஜாடி பழுதுன்னு சர்டிபிகேட் வேணும்."

"ஜாடி நல்லாத்தான் இருக்கு சார். வளையம்தான்..."

"ஜாடி நல்லா இருந்தா வளையம் எதுக்கு?"

வாசலின் தடவி மூடச் சொன்னார். தடவி மூடினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கமாக இருபத்துநாலோடு இருபத்தைந்தாவதாக ஒரு தட்டு ஊற்றுவோம். அதில் கிருமி பூசுவோம், சாறு விடமாட்டோம். அதில் கிருமி நன்றாக வளர்ந்தால்தான் மற்ற தட்டுகளில் வளராததற்குச் சாறு காரணம் என்று சொல்ல முடியும். அந்தத் தட்டை இந்த வருடம் நிறுத்தினார்கள். கூழ்ச் சிக்கனம் பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. 'மருந்து இடப்படாத தட்டுகள் மருந்தைப் பற்றி எதையும் கூறுவதில்லை. ஆகவே அவை வீண்' என்று அதில் இருந்தது. கீழே இயக்குநர் கையெழுத்து. நானும் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் ஜாடியைத் திறந்தேன். இருபத்துநாலு தட்டும் பளிச்சென்று இருந்தன. ஒரு புள்ளி இல்லை. கழுவி வைத்த மாதிரி.

இயக்குநர் படியேறி வந்தார். அவர் இரண்டாம் மாடியைப் பார்த்தது அன்றுதான். பியூன் நாற்காலியோடு பின்னால் வந்தார்.

"எவ்வளவு?" என்றார்.

"தொண்ணூறு சார்."

"எதுக்குத் தொண்ணூறு?"

"எல்லாத்துக்கும்."

"உலகத்துல யாருக்காவது தொண்ணூறு வந்திருக்கா?"

"தட்டோட அகலமே தொண்ணூறுதான் சார்."

"அதத்தான்யா நானும் சொல்றேன். நம்ம மருந்துக்குத் தட்டு பத்தல."

பெரிய தட்டுகள் வாங்க அன்று மாலையே ஆணை போனது. நாலு நாளில் வந்து இறங்கின.

பத்தொன்பது வருடத்தில் இருபத்துநாலுக்கு இருபத்துநாலு வெற்றியை நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

பள்ளியில் கடைசி வருடம். ஒரு வருடமாக முகத்தில் பரு. முதலில் நெற்றியில், பிறகு இரண்டு கன்னத்திலும். வகுப்பில் முதல் பெஞ்சிலிருந்து கடைசிக்குப் போய்விட்டாள். வீட்டில் கண்ணாடி இருக்கும் பக்கம் போகமாட்டாள். தலை வாரும்போது சுவரைப் பார்த்து வாருவாள். பக்கத்துத் தெரு டாக்டர், "வயசு. தானா போயிடும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு வழுக்கை. அதுவும் வயசுதான், போகவில்லை என்று மகள் சொன்னாள். அப்போது அவளுக்கு இன்னும் பகடி வரும்.

அடுத்த மாதம் பள்ளியில் குரூப் போட்டோ எடுப்பார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் போட்டோவில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இந்த முகத்தோடு நிற்கமாட்டேன் என்பதிலும் உறுதி.

இருபத்துநாலும் சமமாக வென்றதால் எதைக் களிம்பாக்குவது என்று தேர்வுக் குழு கூடியது. பதினேழாம் எண் செடி தேர்வானது. இயக்குநர் முனைவர் பட்டம் வாங்கியது அந்தச் செடியில். குழுவில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யாராவது ஒருவருக்கு இருக்கட்டும், அப்போதுதான் நன்றாக இருக்கும் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டார். கொள்முதல் அதிகாரி எழுந்து, பதினேழு ஏன் முன்பே தேர்வாகவில்லை என்று மாறுபட்டார். பதிவு செய்தார்கள்.

அடுத்து ஆட்கள் வேண்டும். இருபத்தெட்டு நாள் தினமும் பூசிக்கொள்ளச் சம்மதிக்கும் முகங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். யாரும் வரவில்லை. இயக்குநர் ஊழியர்களை ஹாலில் கூட்டினார்.

"நம்ம மருந்த நாமே நம்பலன்னா ஊரு எப்படி நம்பும்? உங்க வீட்டுப் பிள்ளைங்க எனக்கும் பிள்ளைங்க மாதிரி. என் பிள்ளை மட்டும் இதுல சேர முடியாம போச்சு. அவனுக்கு முகம் சுத்தம். அந்த வருத்தம் எனக்கு இருக்கு."

பதினோரு பேர் பெயர் கொடுத்தோம்.

சம்மதப் படிவம் ஆறு பக்கம். 'எரிச்சல் ஏற்பட்டால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ஏற்படாவிட்டால் இதமாக வேலை செய்கிறது என்று பொருள்.' ஐந்தாம் பக்கத்தில், விலக விரும்புவோர் இருபத்தெட்டாம் நாளுக்குப் பின் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"நெசமாவே போயிடுமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"நானே பாத்தேன்மா. ஒரு கிருமி மிஞ்சல."

"போட்டோவுக்கு முன்னாடி?"

"இருபத்தெட்டு நாள். உனக்குப் போட்டோ முப்பதாம் நாள். ரெண்டு நாள் கையில இருக்கு."

கண்ணாடி பார்க்கமாட்டாள் என்பதால் நான்தான் பூசிவிட்டேன். தினமும் சாயங்காலம் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். முடியைப் பின்னால் பிடித்துக்கொள்வாள். நான் விரல் நுனியில் எடுத்து, அழுத்தாமல், ஒரே சீராகப் பூசுவேன். தட்டில் கிருமி பூசுவது போலத்தான். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வாரத்தில் சிரிப்பு நின்றது. கன்னம் சிவந்து, தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் புதிதாகச் சீழ் வைத்தது.

"எரியுதுன்னு சொல்றாளே, என்னங்க இது?" என்றாள் மனைவி.

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்."

"அடுப்பும் எரியுது. அதைத் தூக்கி மூஞ்சில வெப்பீங்களா?"

ஒன்பதாம் நாள் நிறுவனத்தில், யாரும் பார்க்காத மத்தியான நேரத்தில், நான் ஒரு குற்றம் செய்தேன். இருபத்தைந்தாவது தட்டை ஊற்றினேன். கிருமி பூசினேன். குழி வெட்டவில்லை, சாறு விடவில்லை. ஜாடியில் வைத்து மூடும்போது மேஜை டிராயரில் பழைய நிறத் தாள் ஒன்று கிடைத்தது. காற்று இருந்தால் நீலமாக இருக்கும், இல்லாவிட்டால் வெளுத்துவிடும். அதையும் உள்ளே போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் திறந்தேன். தாள் நீலமாக இருந்தது. தட்டு சுத்தமாக இருந்தது. சாறே படாத தட்டு. தொண்ணூறு மில்லிமீட்டர்.

வளையம் வழியாகக் காற்றுப் போயிருக்கிறது. கிருமி காற்றில் செத்திருக்கிறது. இருபத்துநாலு செடியும் சும்மா உட்கார்ந்திருந்தன.

தட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. சட்டையில் பட்டுவிடும் என்பது போல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பார்த்தார்.

"இதுல என்ன மருந்து?"

"மருந்தே இல்ல சார். அதான் விஷயம்."

"மருந்து இல்லாமலே கிருமி செத்திருக்கா?"

"ஆமா சார்."

"பக்கத்துல எந்தத் தட்டு இருந்துச்சு?"

"ஜாடியில அது மட்டும்தான் சார்."

"அதுக்கு முன்னாடி அந்த ஜாடியில?"

"இருபத்துநாலும்தான் சார். பதினேழும் இருந்துச்சு..."

இயக்குநர் கண்ணை மூடினார். திறந்தபோது ஈரமாக இருந்தது. "இத்தனை நாள் கழிச்சும் ஜாடியில நின்னு வேலை செஞ்சிருக்கு" என்றார். "இதை நீங்க சொல்லாம விட்டிருந்தா உலகத்துக்கே தெரியாம போயிருக்கும்."

அடுத்த முறை ஜாடியைக் கழுவிவிட்டு, குழியில் குழாய்த் தண்ணீர் விட்டு வைத்தேன். தொண்ணூறு. போய்ச் சொன்னேன். அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தோட்டத்துப் பக்கம் என்றேன். தோட்டத்தில் பதினேழாம் எண் செடி இருக்கிறதா என்றார். எல்லாச் செடியும் இருக்கின்றன என்றேன். "பின்ன?" என்றார்.

வளையத்துக்கு மறுபடி மனு எழுதினேன். கொள்முதல் அதிகாரி சிரித்தார். "என்ன தட்டு, உலக சாதனை பண்ணின ஜாடி. அதைப் போய்ப் பழுதுன்னு சர்டிபிகேட் குடுக்கச் சொல்றீங்களே. நல்லா இருக்கா?"

இதற்கிடையில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. எதுவும் இடப்படாத தட்டை அனுமதியின்றி ஊற்றி, ஏற்கனவே கிடைத்துவிட்ட வெற்றியைச் சந்தேகித்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

ஆனால் தட்டைத் திறந்த பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நடந்ததுதான் முக்கியம். எல்லாரும் போன பிறகு அக்காவிடம் தட்டைக் காட்டினேன். நீலத் தாளையும் காட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வளையமா?"

"வளையம்தான்க்கா."

"கடவுளே. ரிசல்ட்ல நானும்தான் கையெழுத்துப் போட்டேன்."

"இன்னைக்கே பொண்ணுக்கு நிறுத்திடப் போறேன். முகத்தைப் பாக்க முடியல."

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தம்பி, கொஞ்சம் பொறு. இப்ப நிறுத்தினா என்ன எழுதுவாங்க? பாதியில விட்டுட்டாங்க, அதான் சரியாகலன்னு எழுதுவாங்க. ஏற்கனவே ஏழு பேரு சொல்லாம கொள்ளாம விட்டுட்டாங்க. இருபத்தெட்டு நாள் முழுசா பூசின முகம் ஒண்ணாவது வேணும். அப்பத்தான் யாராலயும் மறுக்க முடியாது. உன் பொண்ணு முகமே சாட்சி."

"அவளுக்கு எரியுதுக்கா."

"பதினாறு நாள்தான். கடைசி நாள் மீட்டிங்ல நான் எழுந்து சொல்றேன். தட்டை நீ வை, பேச்சை நான் பேசறேன். இந்த மருந்து வெளிய போனா எத்தனை பிள்ளைங்க முகம் போகும், யோசிச்சியா?"

"சொல்லுவீங்களாக்கா?"

"பத்தொன்பது வருஷமா பாக்கற. இப்படிக் கேக்கறியே."

வெட்கமாகிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனேன். ஸ்டூலைப் போட்டு மகள் காத்திருந்தாள்.

பூசினேன்.

இருபத்தெட்டாம் நாள் மீட்டிங். நீள மேஜை. இயக்குநர், கொள்முதல் அதிகாரி, அக்கா. வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். எதில் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று காலைதான் கேமரா என் மகளைப் படம் எடுத்திருந்தார். கேமரா என்றால் எங்கள் படப் பிரிவில் இருப்பவர். முதல் நாள் எடுத்த படமும் அவர் எடுத்ததுதான். நான் இரண்டு படத்தையும், வெற்றுத் தட்டையும், தண்ணீர்த் தட்டையும், நீலத் தாளையும் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்தத் தட்டு பத்தி உங்க கருத்து?" என்றார் இயக்குநர்.

அக்கா எழுந்தார்.

"மருந்து வைக்காத தட்டுன்னு ஒண்ணு கிடையாது சார். உதவியாளர் லேபிளை மாத்தி எழுதியிருக்கார். வேலைப் பளு. அதுலயும் பதினேழுதான் இருந்திருக்கணும்."

சுவரோரத்திலிருந்து மேஜைப் பக்கம் வந்தேன். "மேடம், அதுல குழியே இல்ல. குழி இல்லாம மருந்து எங்க வைக்கறது?"

நிபுணர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். குழி இல்லைதான் என்றார்.

"குழி இல்லாமலே வேலை செய்யுது," என்றார் இயக்குநர். "எழுதிக்கங்க."

அக்கா உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

வராந்தாவில் தண்ணீர் கேன் பக்கம் பிடித்தேன்.

"என்னக்கா இது?"

"மெதுவா பேசு. உன்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். வேணும்னே பண்ணினேன்னு எழுதினா உன் வேலை போயிடும். தப்பா எழுதிட்டேன்னா வெறும் கண்டிப்பு."

"என் பொண்ணு முகம்?"

"நல்ல டாக்டரா பாரு தம்பி. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். நம்பர் தரேன்."

மறுவாரம் அக்கா துணை இயக்குநர் ஆனார். அந்த அறையும் முதல் மாடியில். லிப்டில் போகிறார்.

முப்பதாம் நாள் குரூப் போட்டோ. மகள் காலையிலேயே யூனிபார்ம் போட்டாள். ரிப்பன் கட்டினாள். ஷூவைத் துடைத்தாள். பிறகு கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஷூவைக் கழற்றவில்லை. மனைவி கழற்றிவிட்டாள்.

களிம்பு வெளியீட்டு விழாவுக்கு மைதானத்தில் பந்தல் போட்டார்கள். இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"இந்த ஆராய்ச்சியில ஒரு தோல்வி கூட இல்ல. ஏன்? தோல்வியைக் காட்டற தட்டை நாங்க ஊத்தறதே இல்ல. எங்களுக்குப் பெரிய தட்டு வேணும்னதும் நாலு நாள்ல வந்துச்சு. இப்படி ஒரு நிர்வாகம் இருக்கறப்ப மருந்து வேலை செஞ்சா என்ன, செய்யலன்னா என்ன, வெற்றி உறுதி!"

கைதட்டினார்கள். மேடைக்குப் பின்னால் ஆளுயர போஸ்டரைத் திறந்தார்கள். ஒரு பெண்ணின் முகம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை. கண்களில் கறுப்புப் பட்டை. இடது பக்கம் சிவந்து, உரிந்து, சீழ் வைத்த முகம், கீழே 'முன்'. வலது பக்கம் அங்கங்கே பரு உள்ள சாதாரண முகம், கீழே 'பின்'.

தாடையில் மச்சம். இடது பக்கப் படத்தில் சிவப்பு ரிப்பன். அது இருபத்தெட்டாம் நாள் படமெடுக்க என் மகள் கட்டிய ரிப்பன்.

கேமராவிடம் ஓடினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தட்டு, என்னைக் கேக்காதீங்க. ரெண்டு படத்தையும் ஆபீஸ்ல வாங்கிட்டுப் போனாங்க. போகும்போது முன்னாடி இருந்தது, வரும்போது பின்னாடி வந்துருச்சு. முழுசா முடிச்சவங்க நாலு பேரு. உங்க பொண்ணுக்குத்தான் வித்தியாசம் ரொம்ப ஜாஸ்தியாம். அதான் தேர்ந்தெடுத்தாங்க. போட்டி இருந்துச்சு தெரியுமா?"

இயக்குநரை மேடையிலிருந்து இறங்கும்போது நிறுத்தினேன்.

"சார், படம் மாறியிருக்கு. அது பூசினதுக்கு அப்புறம் எடுத்தது."

"எப்ப எடுத்தா என்ன? ஒண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு நல்லா இல்ல. மருந்து எதுக்கு? நல்லா இல்லாததை நல்லதாக்க. அப்ப எது முன்னாடி வரணும்?" தோளில் கை வைத்தார். "பின்னுலயும் கொஞ்சம் பரு இருக்கு, பாத்தீங்களா? அழிச்சிடலாம்னு சொன்னாங்க. நான் விடல. நேர்மையா இருக்கட்டும்னுட்டேன்."

அடுத்த வாரம் ரப்பர் வளையம் வந்தது. ஒரு சின்னப் பொட்டலத்தில். திட்டம் முடிந்துவிட்டதால், மீதி நின்ற மனுக்களை ஒழுங்கு செய்தபோது என்னுடையது தானாக நிறைவேறிவிட்டதாம்.

வளையத்தைப் பொருத்தினேன். பதினேழு, வெறும் தண்ணீர், எதுவும் இல்லாதது. மூன்று தட்டு. மூன்றாம் நாள் நிறத் தாள் வெளுத்திருந்தது. மூன்று தட்டும் வெளுத்திருந்தன. பதினேழில் கிருமி குழியின் விளிம்புவரை வந்து, விளிம்பில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. முகப்பருக் கிருமி வளர்ந்து நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

மூன்றையும் எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கிப் போனேன். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, பழைய மாதிரியே தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு குமிழி இல்ல," என்றார். "அருமையா ஊத்தியிருக்க."

"குழியைப் பாருங்க மேடம்."

"பாத்தேன்." திருப்பிக் கொடுத்தார். "வெந்நீர்ல போட்டுக் கொன்னுடு. கிருமியை இப்படிக் கையில தூக்கிட்டு மாடி மாடியா சுத்தக் கூடாது. உனக்கே தெரியும்."

வளையத்தை ஸ்டோரில் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டதற்கு ரசீது தந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மகள் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். தெரிந்தவர் என்று அக்கா சொன்ன டாக்டரிடம் போகவில்லை. வேறு ஒருவரிடம் காட்டுகிறோம். ஆற நாளாகும், தழும்பு நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்.

மேஜையில் எங்கள் நிறுவனத்தின் களிம்பு டியூப் இருந்தது. புதிது. மூடி திறக்கவில்லை.

"இது ஏது?"

"டீச்சர் குடுத்தாங்க. நீ வெட்கப்படாம பூசு, எல்லாம் சரியாயிடும்னாங்க. ஸ்கூல் வாசல்ல போஸ்டர் ஒட்டியிருக்காங்க. அந்தப் பொண்ணு உன்னை மாதிரியேதான் இருந்துச்சு, இப்பப் பாருன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க."

நான் உட்கார்ந்தேன்.

"நீ என்ன சொன்ன?"

"தேங்க்ஸ் மிஸ்னு சொன்னேன்." எழுதுவதை நிறுத்தவில்லை. "குரூப் போட்டோல நிக்கல. இப்பத் தினமும் எல்லாரும் என்னைப் பாத்துட்டுத்தான் உள்ள போறாங்க."

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"படம் மாறியிருக்குன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"மருந்து சரியில்லன்னு?"

"தெரியும்மா."

"எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது. "பன்னண்டாம் நாள்."

பேனாவை வைத்தாள். விரல் விட்டு எண்ணவில்லை, மனதில்தான் கழித்திருப்பாள். வகுப்பில் அவள்தான் கணக்கில் முதல்.

"பதினாறு நாள்," என்றாள்.

நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். மீட்டிங்கைப் பற்றி, சாட்சியைப் பற்றி, மற்றப் பிள்ளைகளைப் பற்றி. எல்லாம் உண்மைதான். சொல்லச் சொல்ல இயக்குநர் பேசுவது மாதிரியே இருந்தது. நடுவில் நிறுத்திவிட்டேன்.

மகள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். என் வலது கையை எடுத்தாள். சின்ன வயதில் கடைக்குப் போகும்போது பிடிப்பாளே, அப்படி இல்லை. ஒரு பொருளைப் பார்ப்பது மாதிரி, திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"தினமும் பூசும்போது கவனிச்சேம்பா," என்றாள். "உன் கை ஒரு நாள் கூட நடுங்கல."

கையை மேஜை மேல், டியூப் பக்கத்தில், வைத்துவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்போதும் நடுங்கவில்லை.